தப்பும் இசைத்தட்டும்

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் உலகின் இரு மூலைகளில் இரண்டு நினைவுகூரல்கள் நடந்தன. அமெரிக்காவின் நியூயோர்க் நகரில், பிரொங்க்ஸ் பகுதியிலுள்ள யாங்கி விளையாட்டரங்கிலே, ஹிப் ஹொப் என்னும் இசைக்கலை பிறந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததைப் பெருங்கூட்டம் கூடிக் கொண்டாடிற்று. இலங்கைத் தீவிலே, தலைமன்னாரில் புறப்பட்டு மாத்தளை வரை கால்நடையாக வந்து சேர்ந்த மக்கள், மலையகத் தமிழர் இம்மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்தனர். முதலாவதை உலகம் பார்த்தது. இரண்டாவதைப் பார்த்தவர் மிகச் சிலரே.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணுவதற்கு என்ன தொடர்பு உண்டு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு உண்டு. பதுளை, பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டப் பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசியில் கேட்டு மகிழும் 'ராப்' பாட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சேரியிலே பிறந்தது. அது எவ்வாறு பிறந்தது என்று அறிந்தால், தம் பாட்டனும் பூட்டனும் லயத்து வாசலில் அடித்த தப்பைப் பற்றி அவர்கள் வேறு விதமாக எண்ணத் தொடங்குவர். உழைக்கும் மக்கள் இல்லாமையின் நடுவே ஆக்கிய கலையை உலகம் ஒருநாள் ஏற்றுக்கொள்ளும்; ஆனால் ஆக்கியவர் பெயரை உதிர்த்துவிட்டே அதை ஏற்கப் பார்க்கும். வரலாற்றை எழுதுகிறவர் விழிப்பாயிருந்தாலன்றி இதைத் தடுக்க இயலாது. இக்கட்டுரை சொல்ல வருவது இதுவே.

ஹிப் ஹொப்பின் தொடக்க நாட்களை ஒரு தொலைக்காட்சி நாடகம் கதையாக்கிற்று. பாஸ் லூர்மன் என்னும் ஆஸ்திரேலிய இயக்குநர் முன்னின்று ஆக்கிய 'தி கெட் டவுன்' என்ற அத்தொடரின் முதற்பகுதி 2016 ஓகஸ்டிலும் இரண்டாம் பகுதி 2017 ஏப்ரலிலும் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தின் வழியே வெளிவந்தன. மொத்தம் பதினோரு அத்தியாயங்கள். சுமார் 12 கோடி டொலர் செலவாயிற்று என்று செய்தித்தாள்கள் எழுதின. அதன் பின் தொடர் நிறுத்தப்பட்டது. கதை நடப்பது 1977ஆம் ஆண்டில், தெற்கு பிரொங்க்ஸில். தாய் தந்தையரை இழந்த எசீக்கியல் என்ற மாணவன் கவிதை எழுதுகிறான். ஆசிரியை அதை வகுப்பில் வாசிக்கச் சொல்லும்போது மறுக்கிறான். பின்னர் அவர் முன்னிலையில் மட்டும் தனியே வாசிக்கிறான். இசைத்தட்டுச் சுழற்றுவதில் வல்லவனாக வேண்டும் என்று துடிக்கும் இன்னோர் இளைஞனோடு அவன் சேருகிறான். ஒருவன் சொல்லைக் கொண்டுவருகிறான். மற்றவன் தாளத்தைக் கொண்டுவருகிறான். அவ்விரண்டும் கலந்த இடத்தில் புதிய கலை பிறக்கிறது.

கதை கற்பனை, களம் கற்பனை அன்று. 1948 முதல் 1960களின் தொடக்கம் வரை பிரொங்க்ஸின் குறுக்கே ஒரு பெருநெடுஞ்சாலை வெட்டப்பட்டது. ரொபர்ட் மோசஸ் என்னும் அதிகாரியின் திட்டம் அது. நெருக்கமாக வாழ்ந்த குடியிருப்புகளை அது பிளந்து சென்றது. ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. வாடகை வருமானம் குறைந்த கட்டடங்களுக்கு, காப்புறுதிப் பணத்தை நாடி, உரிமையாளரே ஆள் வைத்துத் தீ மூட்டிய நிகழ்ச்சிகள் பல. 1975இல் நியூயோர்க் நகராட்சி கடனில் மூழ்கியபோது ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். பள்ளிகளில் இசைக் கல்வி ஒடுங்கிற்று. வயலினும் பியானோவும் கற்பதற்கு வழி அடைக்கப்பட்ட பிள்ளைகள், வீட்டிலிருந்த பழைய இசைத்தட்டையே வாத்தியமாக்கினர்.

அந்தப் பணியைத் தொடங்கியவர், ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்து 1967இல் பன்னிரண்டு வயதில் பிரொங்க்ஸுக்குக் குடிபெயர்ந்த கிளைவ் கேம்பல். 'கூல் ஹேர்க்' என்பது அவர் பட்டப்பெயர். 1973 ஓகஸ்ட் 11ஆம் நாள், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தின் பொது அறையில், பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதற்காக அவருடைய தங்கை சிண்டி ஒரு நடன விருந்தை ஏற்பாடு செய்தாள். பெண்களுக்கு இருபத்தைந்து சதம், ஆண்களுக்கு ஐம்பது சதம் நுழைவுக் கட்டணம். ஒரு பாட்டிலே பாடகர் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதி வரும்போதுதான் ஆடுவோர் உச்சத்தை அடைகின்றனர் என்பதை ஹேர்க் கவனித்திருந்தார். ஆகவே ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, அந்தச் சில விநாடிகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டும் முறையைக் கண்டார். கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்னும் இளைஞர் பின்னர் அதை நுணுக்கமாக்கினார். தொலைக்காட்சித் தொடரில் அவரைக் குறிக்கும் பாத்திரம், தன் மாணவனுக்கு ஊதா நிற மெழுகுக்கோல் ஒன்றைக் கொடுத்து, இதன் பயனை நீயே கண்டுபிடி என்கிறது. தாளம் தொடங்கும் இடத்தை இசைத்தட்டின் மீது கோடிட்டுக் குறிப்பதற்கே அக்கோல்! குழந்தைகள் படம் தீட்டும் அற்பப் பொருள் ஒரு கலையின் திறவுகோலாகிறது. இல்லாதவர் கையில் எதுவும் கருவியாகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இனி நம் ஊவா மலைகளுக்கு வருவோம். 1817-18ஆம் ஆண்டுகளில் ஊவா-வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தனர். அக்கிளர்ச்சியை அடக்கிய ஆட்சி வயலையும் வீட்டையும் எரித்து நாட்டைப் பாழாக்கிற்று. பின்னர் இந்த மலைகளிலே கோப்பி ஏறியது. 1869 முதல் இலைநோய் கோப்பியைத் தின்றது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. காட்டை வெட்டவும், கோப்பி பறிக்கவும், தேயிலை நடவும் தமிழகத்தின் பஞ்சக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டி வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியிலே மாண்டவர் போக எஞ்சியோர் மலையேறினர். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான். அதற்கு முந்திய தலைமுறைகள் ஊவாவை அடைந்தது பெரும்பாலும் காலின் வலிமையால்.

அவர்கள் கொண்டுவந்த உடைமைகளிலே தப்பு ஒன்று. மரவளையத்தில் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி, இரு குச்சிகளால் அடிக்கும் அந்தப் பறையைத் தோட்டத்து நிர்வாகம் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது. விடியுமுன் லயங்களைத் தட்டியெழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைப்பதற்கு அதையே அடிக்கச் செய்தது. இவ்வாறு பெரட்டுத் தப்பு உண்டாயிற்று. துரையின் கடிகாரத்துக்குத் தமிழனின் பறை நாக்காயிற்று! பனியில் பிள்ளையை மடுவத்தில் விட்டுக் கூடை தூக்கி ஓடிய தாய்மாருக்கு அந்த ஒலி என்னவாய்க் கேட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே தோல் மாலையிலே வேறு பேச்சுப் பேசிற்று. சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி என்று வேலைக்கணக்குக்குள் அடங்காத ஒரு வாழ்வைத் தப்பு காத்தது. மாசி மாதத்தில் நடைபெறும் காமன் கூத்து அந்த வாழ்வின் சிகரம். அமாவாசை கழிந்த பிறையிலே காமனை நட்டு, நாள்தோறும் இரவில் ஆடி, ரதிக்கும் மன்மதனுக்கும் மணம் முடித்து, பௌர்ணமியை ஒட்டிச் சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிய, ரதி புலம்பும் அந்தக் கூத்து, ஒரு தோட்டம் முழுவதையும் மேடையாக்கும். பகலில் கொழுந்து மலையில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் இரவில் வீரபத்திரனாகிறான். கூத்து வாத்தியாருக்குப் பல நூறு பாடல்கள் மனப்பாடம். அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இவ்வாறே வாழ்ந்தன.

காமன் பண்டிகையை ஒட்டித் தமிழகத்திலே வளர்ந்த இலாவணியை இங்கே நினைவுகூர வேண்டும். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி; எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே அவற்றுக்குப் பெயர். இரு தரப்பாரும் தாளத்தோடு பாட்டாலேயே கேள்வி தொடுத்துப் பாட்டாலேயே விடையிறுப்பர். எதிரியின் வாயை அடைப்பவன் வெற்றி பெற்றவன். தீர்ப்பளிப்பது சூழ்ந்து நிற்கும் கூட்டம். பிரொங்க்ஸின் பூங்காக்களிலே ஒலிபெருக்கியைத் தெருவிளக்கு மின்சாரத்தில் பூட்டி, ஒருவனை ஒருவன் சொல்லால் வீழ்த்திய ராப் போட்டிகளை இலாவணி கேட்டவர் யாரும் அந்நியமாக எண்ணமாட்டார். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வரலாறு ஆகாது. ஏட்டிலும் மேடையிலும் இடம் மறுக்கப்பட்ட மக்கள் எங்கிருந்தாலும், வாயையும் தாளத்தையுமே தம் நீதிமன்றமாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆக்கிக்கொள்கின்றனர் என்பதே நாம் காணும் ஒற்றுமை.

அந்த வாயும் தாளமும் அரசியலுக்கும் வந்தன. 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரோடு அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையும் தோட்டங்கள்தோறும் சென்றார். தொழிலாளர் துயரைப் பாட்டாக எழுதி அச்சிட்டார். கூட்டங்களிலே தாமே பாடினார். எழுத்தறியாதவர் அதைக் கேட்டே மனத்தில் பதித்துக்கொள்ளலாம் அல்லவா? 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த போராட்டத்திலே, தொழிலாளர் தமக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, அச்சபையைக் கலந்தே துரை நடக்கவேண்டும் என்ற நிலையை உண்டாக்கினர். அதைப் பற்றி எழுதுவோர் கட்சித் தலைவர்களின் பெயரைச் சொல்வர். சபையிலே அமர்ந்த தொழிலாளியின் பெயரைச் சொல்வது அரிது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரொங்க்ஸ் இளைஞனுக்கு இசைத்தட்டைச் சுழற்ற வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் கட்டளையிடவில்லை, விரும்பி எடுத்தான். தப்போ, சாதியின் பேரால் சிலர் தோளில் மட்டும் ஏற்றப்பட்டது. கடல் கடந்து வந்த பின்னும் அந்தப் பாரம் இறங்கவில்லை. சாவு வீட்டில் இன்னார்தான் அடிக்க வேண்டும், அடித்துவிட்டு இன்ன இடத்தில்தான் நிற்க வேண்டும் என்ற விதி லயங்களுக்குள்ளும் வாழ்ந்தது. ஆகவே, படித்த இளைஞன் ஒருவன் 'என் தந்தை அடித்த தப்பை நான் தொடமாட்டேன்' என்று சொன்னால், அவனைப் பண்பாட்டுத் துரோகி என்று பழிக்க நமக்கு உரிமை இல்லை. கலை வாழ வேண்டும் என்பதற்காக ஒரு மனிதன் இழிவைச் சுமக்க வேண்டும் என்று கேட்பது முற்போக்கு ஆகுமா? இழிவை நீக்கிக் கருவியைக் காப்பதே வழி. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தம் கையில் எடுத்து, தீட்டு என்றும் பெண்ணுக்கு ஆகாது என்றும் சொல்லப்பட்ட இரு தடைகளையும் ஒருசேர உடைத்தனர். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. எல்லாச் சாதியாரும், ஆணும் பெண்ணும், விரும்பி எடுக்கும் நாளிலேதான் தப்பு முழு விடுதலை பெறும்.

இனிப் பெயரைப் பற்றிப் பேசுவோம். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்து உச்சியில் 'லிப்டன் ஆசனம்' என்று ஓர் இடம் உண்டு. 1890இல் இத்தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் அமர்ந்து தம் உடைமையைப் பார்வையிட்ட இடமாம். அமர்ந்தவருக்கு ஆசனமும் சிலையும் உண்டு. கீழே சரிவிலே தலைமுறை தலைமுறையாக நின்றவருக்குப் பேர்ச் செக்றோல் ஒன்றே மிஞ்சிற்று. இதே நியதி கலையிலும் நடக்கிறது. 1979இல் வெளிவந்து ராப் பாட்டை உலகறியச் செய்த 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற இசைத்தட்டிலே, கிராண்ட்மாஸ்டர் காஸ் என்னும் பிரொங்க்ஸ் கவிஞரின் அடிகள் அவர் பெயரின்றி இடம்பெற்றன. தெருவிலே பிறந்தது கடைக்குப் போனபோது, எழுதியவன் தெருவிலேயே நின்றான்.

நம் கண்முன்னே நடந்ததைப் பாருங்கள். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட 9,75,000 பேரைப் பண்டம்போல் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. பத்தாண்டு கழித்து அவர்களும் பாதி பாதியாய்ப் பிரிக்கப்பட்டனர். பதுளை நிலையத்திலும் பண்டாரவளை நிலையத்திலும் உறவைப் பிரித்துக்கொண்டு ரயில் புறப்பட்ட நாட்களை முதியோர் இன்றும் சொல்வர். தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய வள்ளியம்மாள் என்னும் மூதாட்டியின் பேரன், அரக்கோணத்துக் கவிஞர் அறிவு. சாதியை எதிர்த்து ராப் பாடும் அவர், தம் பாட்டி சொன்ன வாழ்வைக் கருவாக்கிப் பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வெளிவந்தது. பல கோடி மக்கள் கேட்டனர். தோட்டத் தொழிலாளியின் நினைவு ராப் இசையின் தோளிலேறி உலகைச் சுற்றியது.

ஆயினும் அதே ஆண்டு ஓகஸ்டில் ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு அட்டையிலே தீயும் வேறொரு பாடகரும் தோன்றினர், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கும் ஓர் அட்டை கிடைத்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு அவரின்றிப் பாடப்பட்டது. அவர் தம் மனவேதனையை வெளியிட்டார். தயாரிப்பாளரும் பாடகியும் தத்தம் தரப்பு விளக்கத்தை அளித்தனர். யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலை அன்று. ஆனால் ஒரு கேள்வியை நாம் விட முடியாது: நிலமற்றவர் பாட்டு அரங்கேறும் மேடையில், அந்த மரபிலிருந்து வந்தவனின் நாற்காலி ஏன் முதலில் காலியாகிறது? பின்னர் அறிவு தம் இசைத்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டார். உதிர்க்கப்படும் பெயரை நெற்றியிலேயே எழுதிக்கொண்ட செயல் அது.

ஹாலிஎலைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் ஜோசப், தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துத் தெளிவத்தை ஜோசப் ஆனதும் இத்தகைய செயலே. 2022இல் அவர் மறைந்தார். தெளிவத்தை என்ற சொல் தமிழிலக்கியத்தில் நிலைத்துவிட்டது. தலவாக்கலைப் பகுதியின் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால், அவற்றில் பல இன்று யார் நாவிலும் இரா.

தொலைக்காட்சித் தொடருக்கு ஒரு நல்ல சொல்லும் சொல்ல வேண்டும். அதன் பளபளப்பு, அந்நாளைய வறுமையைச் சற்றே வண்ணமாக்கிவிட்டது என்ற குறை உண்மையே. ஆனால் கிராண்ட்மாஸ்டர் பிளாஷும் கேர்டிஸ் புளோவும் அதன் ஆக்கத்திலே ஆலோசகராய் அமர்ந்தனர். தாம் செய்ததைத் தாமே கற்பித்தனர். முதலில் செய்தவர் உயிரோடிருக்கையிலேயே அவரிடம் கேட்டு எழுதிய வரலாறு அது. நமக்கு அந்த வாய்ப்பு இன்னும் எத்தனை நாள்? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. நிலம் சரியும் என்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலும் பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்தது. லயம் மண்ணுக்குள் போகும்போது மனிதர் போகின்றனர். அவரோடு, எங்கும் எழுதப்படாத பாட்டும் அடியும் போகின்றன. பாதுகாப்பான நிலமும் வீடும் கேட்கும் போராட்டத்தோடு இந்த நினைவைக் காக்கும் பணியும் சேர்ந்ததே.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! ஒரு குறிப்புப் புத்தகமும் கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவும் போதும். உங்கள் தோட்டத்தில் காமன் கூத்தின் கடைசி வாத்தியார் யார்? அவருக்குக் கற்பித்தவர் யார்? பெரட்டுத் தப்பு அடித்தவர் எவர்? ஒப்பாரியில் வல்ல பாட்டி எந்த லயத்தில் இருக்கிறார்? கேளுங்கள், அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள், பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் தவறாமல் குறியுங்கள். பாட்டை ஊரறியச் சொல்லுமுன் அவரிடம் அனுமதி கேளுங்கள். அது அவருடைய சொத்து. ராப் எழுதும் மாணவனைத் தடுக்க வேண்டாம். எசீக்கியலின் ஆசிரியையைப்போல், 'வாசி, கேட்கிறேன்' என்று சொல்லுங்கள். அவன் பாட்டியிடம் கற்க வேண்டிய தாளம் ஒன்று இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாளை யாரேனும் ஊவா மலைகளின் கதையைத் திரையிலே ஏற்றக்கூடும். பனியும் பச்சையும் பாலமும் அதிலே அழகாகத் தெரியும். தப்பின் ஒலியும் கேட்கும். அது யார் அடித்த தப்பு என்ற கேள்விக்கு விடை அன்று கையிருப்பில் இருக்க வேண்டுமானால், அதை இன்றே எழுதிவைக்க வேண்டும்.